2024 ஐந்தொகை: நம் சர்வர் தொழிலுக்கு இந்த ஆண்டு எப்படிப் போனது?

இரண்டாம்கட்டு
28 டிசம்பர் 2024, காலை 7:10

ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு முகப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டு முடிய மூன்று நாள்தான் இருக்கிறது. கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையை அலுவலகமாக்கிக்கொண்டு ஆறு வருடமாகச் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சென்னை நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இதே தொழிலில் இருக்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். இந்த ஆண்டின் கணக்கைச் சேர்ந்து எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது.

என் மனதில் முதலில் நிற்பது 19 ஜூலை. ஆடி முதல் வெள்ளி. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நம் நேரம் காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய ஃபைலை அனுப்பியது. 10:57க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

காரணம் வெளிவந்தபோது நான் வெகுநேரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபைலின் அமைப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. கணினியில் ஏற்கெனவே இருந்த நிரல் 20தான் கொடுத்தது. இருபத்தோராவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கையை விட்டது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்குகிற நிரல் அது, அதனால் கணினி முழுதும் விழுந்தது. ஃபைலைச் சரிபார்க்கும் கருவியிலேயே ஒரு பிழை இருந்து அது தப்பி வந்திருக்கிறது. முதலில் ஆயிரம் கணினிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றதற்கு அனுப்புகிற வழக்கம் இந்த வகை ஃபைலுக்கு இருக்கவில்லை. நாம் ஒரு சாதாரண பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்கி, ஞாயிறு விடியற்காலைக்குச் சேஞ்ச் விண்டோ, அதாவது மாற்றத்துக்கென்று ஒதுக்கிய நேரம், குறிக்கிறோம். அந்த வாசலையெல்லாம் தாண்டாமல் இது உள்ளே வந்தது.

எங்கள் வாடிக்கையாளர் யாரிடமும் அந்த மென்பொருள் இல்லை. ஆனாலும் அன்று நாள் முழுக்க எல்லோரும் சேர்ந்து பேசுகிற பிரிட்ஜ் கால் ஓடியது. முந்தைய ராத்திரி மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரின் மத்திய அமெரிக்கப் பகுதி தனியாக விழுந்திருந்ததால், இரண்டும் ஒரே கோளாறா என்பதே முதலில் புரியவில்லை. மாலையில் நானாக ஒரு சோதனை செய்தேன். பாதிக்கப்பட்ட இடங்களில் ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் ஏற்றி அந்த ஒரு ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கை விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். எங்களுக்கு அப்படி நேர்ந்தால் சாவி எங்கே? தேடி எடுக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. சாவிகளை வைத்திருந்த சர்வரே பிட்லாக்கரில் பூட்டிய இன்னொரு சர்வரை நம்பி நின்றது. அந்த அமைப்பைப் போட்டதே நான்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஆண்டின் ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: நம் சர்வர் விழுந்தால் திரும்ப எழுந்து நிற்க வேறு யாருடைய கை தேவைப்படுகிறது? உங்கள் இடத்தில் அதற்கு என்ன பதில் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழை.

கோட்டையூர்_நைட்ஷிஃப்ட்
28 டிசம்பர் 2024, காலை 9:42

ஆச்சி, ஜூலைக்கு நீங்கள் கொடுக்கிற இடத்தை நான், ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாக (விஎம்) பிரித்து ஓட்டுகிற விஎம்வேருக்குக் கொடுப்பேன். ஜூலையில் நடந்தது ஒரு வாரத்து வலி. இது வருடம் முழுக்க இருந்தது.

வரிசையாகச் சொல்கிறேன். 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே, ஒரு முறை வாங்கினால் காலத்துக்கும் நம்முடையது என்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்தினார்கள். இனி சந்தா மட்டும். அதுவும் கோர் கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். பிப்ரவரியில், விஎம்வேரின் அடிப்படை மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் போனது. நான் கற்றுக்கொண்டதே அந்த இலவசப் பதிப்பில்தான். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஏற்றி, ராத்திரி ராத்திரியாக உடைத்துப் பார்த்துக் கற்றேன். அடுத்து வருகிற பையன்களுக்கு அந்த வாசல் மூடியது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டி நீதிமன்றத்துக்கே போனது, நவம்பரில் சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளருக்கே அந்த நிலை.

எங்கள் பக்கம் சின்ன வாடிக்கையாளர் இருவரை, அதே வேலையைச் செய்கிற ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினோம். ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பில் ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேராக இழுத்துக்கொள்கிற வசதி இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. விண்டோஸ் விஎம்மை மாற்றும் முன்பே விர்ட்ஐஓ டிரைவரைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகும்போது டிஸ்க்கே தெரியாது. நெட்வொர்க் கார்டு புதிதாகத் தெரிவதால் நிரந்தர ஐபி போய்விடும், கன்சோல் வழியாக உள்ளே போய்த் திரும்பக் கொடுக்க வேண்டும். விஎம்மின் பழைய நிலைகளைச் சேமித்து வைத்த ஸ்நாப்ஷாட்களை முதலிலேயே சேர்த்து முடித்துவிடுங்கள். பேக்கப்புக்கு என்ன செய்வது என்று பலர் தயங்கினார்கள். ஆகஸ்டில் பேக்கப் மென்பொருளான வீம் 12.2 ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் கை கொடுத்த பிறகு அந்தத் தயக்கம் குறைந்தது.

பெரிய இடங்களுக்கு நான் "உடனே மாறுங்கள்" என்று சொல்லவில்லை. ஆயிரம் விஎம், அதன் மேல் நெட்வொர்க், ஸ்டோரேஜ் எல்லாம் பின்னிக் கிடக்கிற இடத்தில் ஒன்றரை வருட வேலை அது. விஎம்வேரின் விஸ்பியர் 7க்கு ஆதரவு 2025 அக்டோபர் 2 வரைதான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசிசிஇடி_மூன்றாமாண்டு
28 டிசம்பர் 2024, பகல் 12:25

நான் இங்கே காரைக்குடியில் படிக்கிறேன். அண்ணன் சொன்ன அந்த மூடிய வாசல் எனக்குத்தான் மூடியது. ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸில் கற்றுக்கொண்டிருக்கிறேன், குறையொன்றும் தெரியவில்லை.

இந்த ஆண்டு என்னை ஆட்டியது எக்ஸ்இஸட் சம்பவம். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்குகிற சிறு மென்பொருள் அது. மார்ச் 29, புனித வெள்ளி. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்கிற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தளத்துக்காக வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுத்தது அவர் கண்ணில் பட்டது. எல்லோரும் விட்டுவிடுகிற அரை வினாடி. அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனவர் எக்ஸ்இஸட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் ஒரு கள்ள வாசல் இருப்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். டெபியன் என்கிற லினக்ஸ் வகையின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது. இன்னும் சில மாதம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் உலகத்தின் பாதி லினக்ஸ் சர்வர்களுக்குள் போயிருக்கும்.

அதை வைத்தவர் ஜியா டான் என்கிற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர். அந்தப் பராமரிப்பாளர் சம்பளம் இல்லாமல் தன் சொந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமெல்லாம் தினமும் பயன்படுத்துகிறோம், ஒருவரும் அவருக்குத் தோள் கொடுக்கவில்லை. இதைப் படித்த அன்றுதான் இந்தத் துறைக்கே வருவது என்று முடிவு செய்தேன்.

ஒரு சந்தேகம் ஆச்சி. ஏஐ வந்து கண்காணிப்பு வேலையையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் பேசுகிறார்கள். உண்மையா?

புதுவயல்_ஹார்ட்வேர்
28 டிசம்பர் 2024, மாலை 4:50

நீங்க எல்லாம் பெரிய பெரிய இடத்தப் பத்திப் பேசுறீங்க. நம்ம வேலை அரிசி ஆலைங்க. புதுவயல் சுத்துவட்டாரத்துல பதினாலு ஆலைக்குக் கம்ப்யூட்டர், யுபிஎஸ், சிசிடிவி, டேலி எல்லாம் நான்தான் பாக்குறேன்.

எங்க ஐந்தொகையில முதல் வரி பேட்டரி. அலுவலக அறையில ஏசி கிடையாது, மே மாசம் உள்ள அனல் அடிக்கும். யுபிஎஸ்ல இருக்கிற லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் ஏத்த சூடு. அதுக்கு மேல பத்து டிகிரி ஏறுனா ஆயுசு பாதியாப் போயிடும். காரைக்குடியிலேயே பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி இருக்கு, நம்ம ஊர்ல அந்த பேட்டரிய வெயில்ல வேக வைக்கிறோம். ஆத்தங்குடிக் கல் பதிச்ச பழைய வீட்டுல ஆபீஸ் வச்சிருக்கிற ஒரே ஒரு முதலாளிகிட்ட மட்டும் பேட்டரி நாலாவது வருசமும் நிக்குது. கனத்த சுவர், உயரக் கூரை, உள்ள எப்பவும் குளுமை. இந்த வருசம் மத்தவங்களுக்கும் யுபிஎஸ்ஸ எடைமேடை ரூம்ல இருந்து தூக்கி உள் அறைக்கு மாத்தச் சொன்னேன். ஆறு பேர் கேட்டாங்க.

ரெண்டாவது, தூசி. உமித்தூசி ஃபேன்ல அடைச்சா ரெண்டு மாசத்துல மதர்போர்டு காலி. மாசம் ஒருதடவ புளோயர் வச்சு ஊதுறத ஒப்பந்தத்துலயே எழுதிட்டேன்.

மூணாவதுதான் எனக்குக் கவலை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடியுது. என் ஆலைங்கள்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல பாதிக்கு மேல டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, விண்டோஸ் 11 ஏறாது. எடைமேடை சாஃப்ட்வேர் புது விண்டோஸ்ல ஓடுமான்னு எழுதிக் கொடுத்தவங்களே சொல்ல மாட்டேங்குறாங்க. நெல் வரத்து நேரத்துல எடைமேடை நின்னா ரோட்டுல லாரி வரிசை நிக்கும். வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இரண்டாம்கட்டு
28 டிசம்பர் 2024, இரவு 8:15

புதுவயல் அண்ணே, எடைமேடைக் கணினிக்கு இணையமே தேவையில்லை என்றால் முதலில் இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். எடைத் தகவல் டேலிக்குப் போகத் தனி சுவிட்ச் போட்டு, அந்த ஒரு வழியை மட்டும் ஃபயர்வாலில் திறந்து வையுங்கள். பழைய விண்டோஸ் இன்னும் சில காலம் ஓடட்டும். ஆனால் அதன் முழு டிஸ்க் இமேஜை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்க் போனால் சாஃப்ட்வேரைத் திரும்ப நிறுவ ஆள் கிடைக்காது.

மாணவத் தம்பிக்கு: மார்ச்சில் சிஸ்கோ 2800 கோடி டாலர் கொடுத்து, கண்காணிப்பு மென்பொருள் நிறுவனமான ஸ்ப்ளங்கை வாங்கி முடித்தது. சர்வர் எழுதி வைக்கிற பதிவான லாக்கைப் படிக்கிற தொழிலில் அவ்வளவு பணம் புரள்கிறது. ஏஐ பற்றி என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். ஒரே காரணத்தால் வருகிற நாற்பது அலர்ட்டை ஒரு டிக்கெட்டாகச் சேர்ப்பதில் உதவுகிறது. இரவில் உண்மையாகவே நிம்மதி. எது காரணம், எது விளைவு என்பதில் இன்னும் அடிக்கடி தவறுகிறது. அந்த அரை வினாடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டது ஒரு மனிதர். அந்தக் கண்ணை வளர்த்துக்கொள்ளுங்கள், வேலைக்குக் குறைவிருக்காது.

லைசென்ஸ் மாற்றங்களை ஒரு வரியில் முடிக்கிறேன். தரவுத்தளமான ரெடிஸ் மார்ச்சில் உரிமத்தை மாற்றியதும் அதற்கு மாற்றாக வால்கீ பிறந்தது, சர்வர்களை நிரல் எழுதி அமைக்கிற டெராஃபார்முக்கு மாற்றாக ஓபன்டோஃபு ஜனவரியில் முதல் நிலையான பதிப்பைக் கொடுத்தது, டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் ஏப்ரலில் அறிவித்தது. சென்ட்ஓஎஸ் 7 என்கிற லினக்ஸுக்கு ஆதரவு ஜூன் 30 அன்று முடிந்தது. இன்னும் அதில் யாராவது இருந்தால் இழையை மூடிவிட்டு அந்த வேலையைப் பாருங்கள்.

பேரேடு_1952
29 டிசம்பர் 2024, காலை 6:30

நான் ஓய்வுபெற்ற கணக்கன். சர்வர் எனக்குத் தெரியாது. பேரன் இந்தத் தொழிலில் இருப்பதால் இங்கே படிக்கிறேன். ஆத்தா, நீங்கள் ஐந்தொகை என்று தலைப்பு வைத்ததால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பச்சி மலாயாவில், ஈப்போவில் ஒரு கடையில் மேலாளாக இருந்தார்கள். மூன்று வருடக் கெடு முடிந்து ஊருக்கு வரும்போது ஐந்தொகை கட்டி முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறோம், கையிருப்பு என்ன, எல்லாம் அதில் இருக்கும். முதலாளி லாபத்தைக் கடைசியில்தான் பார்ப்பார் என்று அப்பச்சி சொல்வார்கள். வாங்கியிருக்கிற இடங்களை முதலில் விரலால் தொட்டுக்கொண்டு வருவாராம். ஒரே இடத்தில் அதிகம் வாங்கியிருந்தால், கணக்கு சரியாக இருந்தாலும் மேலாளுக்குத் திட்டு விழும். அந்த ஓர் இடம் நாளை கையை விரித்தால் கடை நிற்காது அல்லவா. நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு அப்படித்தான் கேட்டது.

ஜூலை 31 அன்று நடந்ததை இங்கே யாரும் எழுதவில்லை. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில், கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கிற ரான்சம்வேர் புகுந்துவிட்டது என்று, நாட்டின் சில்லறைப் பணப் பரிமாற்ற அமைப்பை நடத்துகிற என்பிசிஐ அந்த நிறுவனத்தைச் சில்லறைப் பணப் பரிமாற்றத்திலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகள் என்று செய்தி. மறுநாள் சரியானது. பெரிய நகரத்தில் இருப்பவருக்கு வேறு வங்கிக் கணக்கு இருக்கும். கிராமத்தில் பால் பணம் வாங்குகிற பெண்ணுக்கு அந்த ஒரு கணக்குதான். துண்டித்தது சரியான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 300 வங்கிகளின் வரவுசெலவு ஒரே இடத்தில் தொங்கியது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கேள்வி. இப்படித் தாக்குதல் நடந்தால் சின்ன அமைப்புகள் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமா?

கோட்டையூர்_நைட்ஷிஃப்ட்
29 டிசம்பர் 2024, காலை 10:05

ஆமாம் ஐயா. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினியின் கடிகாரமும் ஒரே நேர மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். நான் பார்த்த சின்ன இடங்களில் மூன்றாவதே பலருக்குத் தெரியாது. கேமராவில் ஒரு நேரம், சர்வரில் ஒரு நேரம் என்றால் எது முதலில் நடந்தது என்பதைப் பிறகு யாராலும் கட்ட முடியாது.

மருத்துவமனை_ஐடி
29 டிசம்பர் 2024, பகல் 2:40

ஆச்சி, உங்கள் கேள்வி சரி. ஆனால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது. 60 படுக்கை மருத்துவமனையில் நான் ஒரே ஆள். பிரிண்டர் பேப்பர் சிக்கினாலும் நான், ஸ்கேன் படம் சர்வருக்குப் போகாவிட்டாலும் நான். "ஒரே இடத்தை நம்பாதே" என்பது பணம் இருக்கிறவர்களுக்கான பேச்சு. இரண்டாவது இடத்துக்கு யார் செலவு செய்வது? கேட்டால் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறார்கள். பேக்கப் எடுக்கிறேன், தினமும் பச்சை டிக் வருகிறது. அதற்கு மேல் எனக்கு நேரமில்லை.

இரண்டாம்கட்டு
29 டிசம்பர் 2024, மாலை 5:20

தம்பி, கோபம் நியாயம். ஒற்றை ஆளாக இருந்து பார்த்தவள்தான் நானும். ஆனால் பச்சை டிக்கை மட்டும் நம்பாதீர்கள், அதற்காக ஒன்று சொல்கிறேன்.

மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்கிற ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். கூகுள் கிளவுடில் அவர்களுடைய தனிக் கிளவுட் ஒன்று முழுதும் அழிந்துபோனது. ஒரு வருடம் முன்பு அதை அமைத்தபோது கூகுள் ஆட்கள் ஒரு கட்டத்தை நிரப்பாமல் காலியாக விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வருடக் கெடு தானாக விழுந்து, கெடு முடிந்ததும் அமைப்பே எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. இன்னொரு நிறுவனத்திடம் தனியாகப் பேக்கப் வைத்திருந்தது கை கொடுத்தது. அப்படியும் திரும்ப எழ ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

உங்களுக்குப் புது சர்வர் வேண்டாம். நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வெளி டிஸ்க் போதும். வாரம் ஒரு முறை நகல் எடுத்து, வயரைக் கழற்றிப் பீரோவில் பூட்டுங்கள். வயர் கழற்றிய டிஸ்க்கை ரான்சம்வேர் தொடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை வேறொரு கணினியில் எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். பச்சை டிக், வேலை ஓடி முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வருகிற ஞாயிறு, ஜனவரி 5 எனக்கு விடுமுறை. அன்று யாரெல்லாம் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்க்கிறீர்கள்? ஆளுக்கு ஒரு சர்வர் போதும். எவ்வளவு நேரமானது, எது வரவில்லை என்று இங்கே எழுதுங்கள். தம்பி, உங்களோடு நான் போனில் இருக்கிறேன்.

ஏசிசிஇடி_மூன்றாமாண்டு
29 டிசம்பர் 2024, இரவு 7:02

என்னிடம் சர்வர் இல்லை. புதுவயல் அண்ணன் அனுமதித்தால் அன்று அவரோடு வருகிறேன்.

புதுவயல்_ஹார்ட்வேர்
29 டிசம்பர் 2024, இரவு 7:30

வாங்க தம்பி. காலைல ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க.

மருத்துவமனை_ஐடி
5 ஜனவரி 2025, பகல் 1:15

முடித்தேன். 2 மணி 50 நிமிடம். நோயாளிப் பதிவுகள் எல்லாம் திறந்தன. ஸ்கேன் படங்கள் திறக்கவில்லை. அந்த ஃபோல்டரை முதல் நாளிலிருந்தே பேக்கப்பில் சேர்க்கவில்லை, ஒன்றரை வருடமாக. இப்போது சேர்த்துவிட்டேன், முதல் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆச்சி மூன்று மணி நேரமும் போனில் இருந்தார்கள்.

புதுவயல்_ஹார்ட்வேர்
5 ஜனவரி 2025, மாலை 6:40

ரெண்டு ஆலை பாத்தோம். முதல்ல ஒண்ணு, நாப்பது நிமிசத்துல டேலி டேட்டா சுத்தமா வந்துடுச்சு. ரெண்டாவதுல நவம்பர் 12 வரைக்கும்தான் இருக்கு. டிஸ்க் நிறைஞ்சு போய் அன்னிக்கோட பேக்கப் நின்னுருக்கு. எச்சரிக்கை மெயில் தினமும் போயிருக்கு, போன வருசம் வேலைய விட்டுப்போன கணக்குப்பிள்ளையோட மெயிலுக்கு. தம்பிதான் கண்டுபிடிச்சாரு. மெயில என் பேருக்கு மாத்தி, புது டிஸ்க் போட்டு, மறுபடி எடுத்து, திறந்து பாத்துட்டுத்தான் கிளம்புனோம். முதலாளி கூடவே நின்னு பாத்தாரு.

பாக்கி பன்னெண்டு ஆலை இருக்கு. பொங்கல் கழிச்சு 19ஆம் தேதி ஞாயித்துக்கெழமை அடுத்த ரெண்டு. வர்றவங்க இங்கேயே சொல்லுங்க.